முப்பத்து மூன்றாம் வரிசை

ஹைதராபாத்,
14.2.1999

அன்புள்ள அக்கா ருக்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி அப்சர் எழுதுகிறேன். இங்கே சுகம். நீயும் சைபுல்லா மச்சானும் சுகமா? மிளகு நல்ல விலைக்குப் போகிறதா? குளிருக்கு உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

விதைக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். ஊருக்கு வெளியே பண்ணை. அப்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு உருது தெரியாதவன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேலை தெரியும்.

ஏன் இப்படித் திடுதிப்பென்று கொல்லிமலையை விட்டு இறங்கிப் போனான் என்று அத்தா கேட்டாராம். 'சம்பளம் கூட' என்று சொல்லி வை. உனக்கு மட்டும் உண்மை. போனில் சொல்ல முடியாது. உன் வீட்டு போன் கடைக்குள் இருக்கிறது. மிளகு மூட்டையோடு வருகிறவன் எல்லாம் காது கொடுப்பான்.

வளப்பூர் நாட்டுப் படி வயலில் மூன்று வருடமாக நான் என்ன செய்தேன்? மண் கழுவினேன் என்று நினைத்திருப்பாய். மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவர் டாக்டர் அருணாசலமும் அப்படித்தான். ஜீப்பில் யார் வந்தாலும், "இவன் நம்ம மண்ணு கழுவுற பையன்" என்றுதான் காட்டுவார்.

யூரியா மலை மழையில் கரைந்து கீழே இறங்கிவிடும். மேலாகப் படர்கிற வேருக்கு எட்டாது. தண்டின் அடியில் வேர் குறைவாக, ஆனால் செங்குத்தாக இறங்குகிற மக்காச்சோளம் கிடைத்தால் அது கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் தேடினேன். ஒரு கதிரின் விதை ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் செடிகளைத் தோண்டி, வேரைக் கழுவி, எண்ணி, அது இறங்கும் சாய்வை அளந்தேன். முப்பத்து மூன்றாம் வரிசை அகப்பட்டது. ஒரு பிடி யூரியா போடாத மண்ணில், கதிர் முற்றும்வரை அடி இலைகூடப் பச்சை.

டாக்டரிடம் காட்டினேன். "வேர் கம்மியா இருந்தா நல்ல செடியாப்பா? நீ தலைகீழா நின்னு படிச்சியா?" என்றார். பெருநாளுக்கு நான் சேந்தமங்கலத்தில் நம் வீட்டுக்குப் போயிருந்தேன் அல்லவா, அந்த நேரம் பார்த்து அவரே மலையேறி வந்து கதிர்களை ஒடித்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அறிக்கை வந்தது. யூரியா கேட்காத மக்காச்சோளம். கண்டுபிடித்தவர் டாக்டர் அருணாசலம். நன்றி சொல்லும் இடத்தில் ஜீப் டிரைவர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. கூடவே ஒரு கடிதம், திட்டத்தில் உன் வேலை முடிந்தது என்று.

விட மாட்டேன் அக்கா. நாலு பேர் பார்க்க அவர் நிற்க வேண்டும், நான் நின்ற மாதிரி.

உன் சமையலறை மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, மூடியைச் சுற்றி மெழுகு வைத்தது. தொடாதே. என்னவென்று பிறகு எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.
தம்பி அப்சர்


வளப்பூர் நாடு,
9.3.1999

அன்புத் தம்பி அப்சருக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம். உன் மச்சானுக்குச் சளி, மிளகு ரசத்திலேயே நிற்கிறார். அங்கே சோறு கிடைக்கிறதா, ரொட்டியா? வயிறு கெட்டால் ஓமம் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த எரிச்சலோடு இருக்கும்போதே அந்த ஆள் கடைக்கு டீ குடிக்க வந்தார். "உன் தம்பி எப்படிம்மா இருக்கான்? அங்க மண்ணு கழுவத் தண்ணி கெடைக்குதா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயில் சர்க்கரை போடவில்லை. என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

இந்த மழைக்கு அவருடைய சோளத்தை நான்கு வீட்டுக்குக் கொடுக்கப் போகிறார். ராமாயி, சின்னக்கண்ணு, கருப்பண்ணன், பிறகு சாமியாத்தாள். யூரியா இல்லாமல் விளைகிறதை மேலிடத்துக் குழு வந்து பார்க்குமாம். சாமியாத்தாளிடம் இருக்கிற சமநிலம் அந்தக் கால் ஏக்கர்தான். அதில்தான் வருடத்துக்கான சாமை. "எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "நம்ம அப்சரு தம்பி வேர் பாத்த சோளமாமே கண்ணு. அப்பறம் என்ன பயம்?" என்கிறாள். உன் பெயரை மறைத்த மனிதன், நிலம் கேட்கும்போது மட்டும் உன் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

மேலிடத்துக்கு ஒரு மனு எழுதேன். சண்டை போடாமல், உள்ளதை உள்ளபடி.

துஆவுடன்,
அக்கா ருக்ஸார்


ஹைதராபாத்,
22.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். ரொட்டிதான். வயிறு கெடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர முடியாது, அம்மாவிடம் சொல்லிவிடு.

மனு எல்லாம் வேண்டாம். நடந்ததைக் கேள், உனக்கே சிரிப்பு வரும்.

ஆராய்ச்சி வயலில் வரிசைக்கு எண் போடுவது மாடு உழுகிற மாதிரி. படிக்குப் பத்து வரிசை. முதல் படியில் இடமிருந்து வலம். அடுத்த படியில் வலமிருந்து இடம். விதைக்கிறவன் வெறுங்கையோடு திரும்பி நடக்கக் கூடாது என்பதற்காக. நான்காம் படியில் முப்பத்தொன்று வலது கோடியில் ஆரம்பிக்கும். வயலில் கால் வைத்தவனுக்கு இது தெரியும். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியாது. எண் எழுதிய குச்சிகளும் இல்லை. பன்றிக் காவலுக்கு வந்த கருப்பண்ணன் அத்தனையையும் பிடுங்கிக் குளிர் காய்ந்துவிட்டார்.

டாக்டர் இடப்பக்கமிருந்து மூன்று எண்ணியிருக்கிறார். அது முப்பத்தெட்டு! அந்த வரிசையிலும் வேறு மகரந்தம் கலக்காமல் இருக்கக் கதிருக்கெல்லாம் காகிதப் பை மாட்டியிருந்தேன்; ஆகாத செடி எப்படி இருக்கும் என்று காட்ட எனக்கு ஒரு வரிசை வேண்டியிருந்தது. பையைப் பார்த்ததும் இதுதான் என்று நம்பிவிட்டார். பெருநாள் முடிந்து நான் வந்து பார்த்தபோது முப்பத்தெட்டு மொட்டை, முப்பத்து மூன்று அப்படியே நிற்கிறது. அந்தக் கதிர்களை உதிர்த்ததுதான் உன் மேல்தட்டில் இருக்கிற டின். உலகத்தில் வேறெங்கும் அந்த விதை கிடையாது.

முப்பத்தெட்டுக்கு வேர் துடைப்பக்கட்டை மாதிரி. அத்தனையும் மேல் மண்ணில். யூரியா கொட்டினால் ஆளுயரம் நிற்கும். இப்போது சமவெளியில் யூரியா கொட்டித்தான் விதை பெருக்குகிறார், சந்தேகமே வராது. மலையில் போட்டு இரண்டு மழை பெய்யட்டும், தெரியும்.

ஆகவே நீ வாயைத் திறக்காதே. குழு வரட்டும். மஞ்சள் வயலுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதுதான் என் கண்டுபிடிப்பு என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். சாமியாத்தாளிடமும் மூச்சு விடாதே. அவளுக்குச் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் டாக்டர் சுதாரித்துக்கொள்வார். அவளுக்கு ஒரு போகம் போகும். அடுத்த வருடம் ஈடு செய்துவிடலாம்.

வஸ்ஸலாம்.
அப்சர்


வளப்பூர் நாடு,
2.6.1999

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். சுகம். உன் சுகத்துக்குத் துஆ செய்கிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. பலா சீசன், கடையில் உட்கார ஆளில்லை. லாரி வந்து வந்து போகிறது.

மழை இறங்கிவிட்டது. டாக்டரின் விதை நான்கு வீட்டுக்கும் வந்துவிட்டது.

சாமியாத்தாள் நேற்று ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து கொண்டுவந்தாள். "தம்பிக்குப் பஸ்ஸுல குடுத்து உட முடியுங்களா?" என்று கேட்டாள். ஹைதராபாத் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ வேர் கழுவ மூன்று வருடம் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள். வேறொன்றுமில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மக்காச்சோளம் ஊன்றலாம் என்று இருக்கிறேன், சேந்தமங்கலத்தில் வாங்கிய விதைதான். குழிக்கு எத்தனை போடுவது? எவ்வளவு ஆழம்? விதை வீணாகாமல் போட வேண்டும்.

துஆவுடன்,
அக்கா


ஹைதராபாத்,
11.6.1999

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறாய், அதில் பாதி பலாப்பழம். விதை விஷயமாக டாக்டர் என்ன பேசினார் என்று ஒரு வரி இல்லை.

குழிக்கு ஒரு விதை. இரண்டு விரற்கட்டை ஆழம். செடிக்குச் செடி ஒரு சாண். வரிசைக்கு வரிசை ஒன்றரை முழம். மயிலும் எலியும் கிளறாமல் மண்ணை மிதித்துவிடு. கொல்லைச் சோளத்துக்கு இவ்வளவு போதும்.

சாமியாத்தாள் தண்ணீர் சுமந்தது எனக்கும் தெரியும். அவள் பேரைச் சொல்லி என்னை இளக்கப் பார்க்காதே. இந்தக் கோபம் இளகினால் எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

டின்னை ஈரம் படாமல் வை.

வஸ்ஸலாம்.
அப்சர்


வளப்பூர் நாடு,
8.8.1999

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அத்தாவுக்குக் கண்ணில் புரை, நாமக்கல்லில் காட்டினார்கள், பயமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கேட்ட செய்தி. ராமாயி வயலில் அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்குகிறது. சின்னக்கண்ணு, கருப்பண்ணன் வயல்களும் அப்படித்தான். முந்தாநாள் டாக்டர் வந்து ரோட்டிலேயே நின்று சத்தம் போட்டார். கடை வாசலிலிருந்து கேட்டேன்.

"ஏம்மா, களை எடுத்தியா இல்லையா?"

"எடுத்தனுங்க. நீங்கதானுங்களே ஒன்னும் போடாதே, அதுவா வரும்னீங்க?" என்றாள் ராமாயி.

"அதுவா வரும்னா சும்மா உக்காந்திருக்கச் சொன்னனா?"

"பின்னே என்னங்க பண்றது? பயிருக்குத் தாலாட்டா பாடறது?"

கருப்பண்ணன் சிரித்துவிட்டார். டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று. "குழு வர்றப்ப இதுங்களைப் பேச விடாதே" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். குழு செப்டம்பர் கடைசியில் வருகிறதாம்.

மழை நன்றாக இருக்கிறது. சாமை நன்றாக வந்திருக்கிறது.

துஆவுடன்,
அக்கா


ஹைதராபாத்,
19.8.1999

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா கண்ணுக்கு எது செய்தாலும் என்னைக் கேட்டுச் செய்யச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிப்ரவரிக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள்! புத்தகத்தில் போட்ட மாதிரி. அடியில் இருக்கிற சத்தை மேல் வேரால் எடுக்க முடியாமல், கீழ் இலையைத் தின்று மேல் இலையை வளர்க்கிறது. பார்த்துக்கொண்டே இரு, கதிரும் பல் விழுந்த வாய் மாதிரிதான் வரும்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். குழுத் தலைவருக்கு. எந்தப் படி, எந்த வரிசை, யார் எண்ணினார், எப்படித் தப்பாக எண்ணினார், எல்லாம் இருக்கிறது. டாக்டர் பேசி முடித்து, தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நீ போய்க் கொடு. முன்னாலேயே கொடுத்துவிடாதே. அவர் முழுதாகச் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். மூன்று வயலைப் பற்றி எழுதியிருக்கிறாய். சாமியாத்தாள் வயல்? அதுவும் மஞ்சள்தானே? நீயாக எழுதாவிட்டால் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

வஸ்ஸலாம்.
அப்சர்


வளப்பூர் நாடு,
3.10.1999

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். கடிதத்தை உட்கார்ந்து படி.

குழு வந்தது. மூன்று ஜீப். முதல் மூன்று வயலை ரோட்டிலிருந்தே பார்த்தார்கள். மஞ்சள். டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. "இவங்க சோம்பேறிங்க சார். சொன்னபடி எதுவும் செய்யறதில்ல" என்றார். ராமாயி பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் முன்னாலேயே.

அப்புறம் சாமியாத்தாள் வயலுக்கு இறங்கினார்கள்.

பச்சை. அடி இலை வரைக்கும் பச்சை. டாக்டரே குனிந்து அடி இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார் பார். தலைவர் ஒரு செடியைத் தோண்டச் சொன்னார். வேரைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் சொல்கிறார்: "வேர் கம்மியா இருந்தாத்தான் சார் நல்ல செடி. இதை எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்!" கை தட்டினார்கள்.

தலைவர் சாமியாத்தாளிடம், "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டார். "ஒன்னும் போடலீங்க சாமி. வெதைதானுங்க" என்றாள்.

உன் உறையைக் கொடுக்கவில்லை. அந்தப் பச்சைக்கு முன்னால் அதைக் கொடுத்தால் உன்னைத்தான் பைத்தியம் என்பார்கள். அடுப்பில் போட்டுவிட்டேன்.

துஆவுடன்,
அக்கா


ஹைதராபாத்,
11.10.1999

அக்காவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க மனமில்லை.

முப்பத்தெட்டு அந்த மண்ணில் பச்சையாக நிற்காது. சாணம் போட்டாலும் நிற்காது, அந்த மழைக்கு. நேற்றெல்லாம் யோசித்தேன். மண்ணா, பக்கத்து வயல் ஊற்றா, வேறு உரமா? டின்னைத் திறந்து பார் என்று உனக்குத் தந்தி கொடுக்கப் போஸ்ட் ஆபீஸ்வரை போய்விட்டேன். வாசலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. குழிக்கு எத்தனை விதை என்று கேட்டாயே. விதை வீணாகாமல் போட வேண்டும் என்றாயே. நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு விரற்கட்டை, ஒரு சாண் என்று. முட்டாள்.

என் மூன்று வருடத்தை எடுத்து, என் கையாலேயே ஊன்ற வைத்து, அந்த மனிதன் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டாய். அவர் திருடியபோது தப்பானதைத் திருடினார். சரியானதைக் கொடுத்தது நீ.

அவருக்குக் கை தட்டினார்கள் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அப்சர்


வளப்பூர் நாடு,
24.11.1999

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், எல்லோரும் சுகம். அத்தா கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

உடனே எழுதாததற்குக் காரணம், எழுதுகிற அளவுக்கு விஷயம் முடியவில்லை. இப்போது முடிந்துவிட்டது.

ஆமாம், ஊன்றியது உன் விதைதான். நீ சாமியாத்தாளுக்கு ஒரு போகம் போகும் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். மழை இறங்கியதும் டின்னை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள், ஏன் என்று கேட்பாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் விதை காணாது. அவர்களுக்கு அவள் ஒரு வழி சொன்னாள். டாக்டரின் சோளம் ரோட்டோரம் நாலு வரிசை, உள்ளே எல்லாம் சாமை. ஜீப்பிலிருந்து இறங்காதவனுக்கு நாலு வரிசை போதும் என்றாள். மூன்று வீட்டிலும் சாமை அறுத்தாயிற்று. யார் வயிறும் காயவில்லை.

டாக்டருக்கு மாலை போட்டது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அவர் ராமாயியைச் சோம்பேறி என்றதையும் கேட்டேன். இந்தக் கதிரில் ஒன்றுகூட அவர் கைக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கதிர் முற்றும் நேரத்தில் ஆள் அனுப்பினார். சாமியாத்தாள் வயல் கதிர் ஒன்று விடாமல் விதைக்கு வேண்டுமாம், மாநிலம் முழுக்கச் சோதனை வயல் போடப் போகிறார்களாம். பிறகு அவரே வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வயலில் கட்டை மட்டும் நிற்கிறது.

"கதிர் எங்கம்மா?"

"அவிச்சுத் தின்னுட்டமுங்க."

"மொத்தமுமா?"

"நல்ல ருசிங்க சாமி. பேரனுக வந்தானுக, சம்பந்தி ஊட்டுல வந்தாங்க. நாங்க சும்மா உக்காந்திருக்கிற சோம்பேறிகதானுங்களே, தின்னுக்கிட்டே இருந்துட்டோம்."

அவர் கத்தினார். பிறகு, "போகட்டும், இதே விதைதான் கீழே குடோன்ல மூட்டை மூட்டையா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அதை அனுப்பிவிட்டாராம். யூரியா இல்லாத சோதனை, எத்தனையோ ஊரில், அவர் பெயர் போட்டு.

கொஞ்சம் யோசி. நீ நாலு பேர் முன்னால் என்றாய். இனி மாநிலமே பார்க்கும். அங்கே இருப்பது சர்க்கார் நிலம், எந்தச் சாமியாத்தாளின் சாமையும் போகாது. உனக்குப் பழி வேண்டும், எனக்கும் வேண்டும். டீயில் சர்க்கரை போடாமல் இருந்ததோடு என் எரிச்சல் அடங்கிவிடவில்லை. ஆனால் என் பழியை அடுத்தவள் வயிற்றில் வைத்துச் சமைக்க மாட்டேன்.

கதிர்கள் சாமியாத்தாள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகின்றன, வண்டு விழாமல்.

துஆவுடன்,
அக்கா


ஹைதராபாத்,
2.11.2000

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நீ, மச்சான், அம்மா, அத்தா எல்லோரும் சுகமா? ஒரு வருடமாகப் பெருநாள் வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டேன். கோபம்தான். இப்போது இல்லை.

போன வாரம் சோதனை வயல்களின் கூட்டம். எங்கள் கம்பெனி சார்பில் நான் போனேன். டாக்டரின் சோளம் ஒவ்வொரு ஊரிலும் கடைசி. பட்டியலைப் படிக்கப் படிக்க அவர் நாற்காலியில் சரிந்துகொண்டே போனார். "கொல்லிமலையில நான் கண்ணால பார்த்தேன் சார்" என்றார். ஒருவர் எழுந்து, வேரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அங்கேயே பண்ணையில் இரண்டு செடியைத் தோண்டிக் கொண்டுவந்தார்கள். கழுவ ஆளைத் தேடினார்கள். நான் போய்க் கழுவினேன் அக்கா. வாளித் தண்ணீரில், அவருக்கு எதிரில் உட்கார்ந்து, மெதுவாக. துடைப்பக்கட்டை. தூக்கிக் காட்டினேன்.

"இது முப்பத்தெட்டு, டாக்டர். நாலாவது படியை இடப்பக்கமிருந்து எண்ணிட்டீங்க. மண்ணு கழுவுற பையனைக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். போதும். நீ செய்ததுதான் சரி. என் வழியில் போயிருந்தால் ஒரு மலைவயல் மஞ்சளானது என்று சொல்லித் தப்பித்திருப்பார். உன் பழி என்னுடையதைவிட நீளம். ஒத்துக்கொள்கிறேன்.

இனி என் முறை. முப்பத்து மூன்றைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிட்டேன்; அது என்னுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனி எனக்குத் தனி வயல் தருகிறது, என் பெயரில். விதைதான் வேண்டும். இந்த வருடமும் சாமியாத்தாள் போட்டிருப்பாளே, இப்போது அறுத்திருப்பாள். பத்துக் கதிர் போதும். கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, நாமக்கல் பஸ்ஸில் அனுப்பு. நான் கேட்டேன் என்று சொல். மறுக்க மாட்டாள்.

வஸ்ஸலாம்.
அப்சர்


வளப்பூர் நாடு,
20.11.2000

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். அத்தா கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். அந்த மனிதன் முகத்தை நீ பார்த்ததை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

சாமியாத்தாளிடம் போனேன். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே போன வருடக் கதிரும் இந்த வருடக் கதிரும் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நீ கேட்டதைச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே, "அவிச்சுத் தின்னுட்டோம்னு எழுதிப் போடு கண்ணு" என்றாள்.

நான் மேலே பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"அப்சர் கேக்கறானுங்க. டாக்டர் இல்லீங்க" என்றேன்.

"தெரியுது. அந்த டாக்டரு என்னையத் தெரியாம ஏமாத்துனாரு. இவன் தெரிஞ்சே உட்டுட்டு உக்காந்திருந்தானே. எம்பட சாமை போனாப் போவுதுன்னு எழுதுனவன்தானே?"

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது, கொண்டுபோய்ச் சொல்கிறேன். ராமாயிக்கும் சின்னக்கண்ணுவுக்கும் கருப்பண்ணனுக்கும் விதைக்கு அவளே கொடுத்திருக்கிறாள். எனக்கும் ஒரு கதிர் கொடுத்தாள், இது கொல்லைக்கு, தம்பிக்கு அனுப்ப இல்லை என்று சொல்லி. நான் அனுப்ப மாட்டேன். ஒருமுறை டின்னைத் திறந்ததே போதும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டாள்.

"அவனுக்கு வேர்தானே கண்ணு வேணும்? மூணு வருசம் அதைத்தானே பாத்துக்கிட்டிருந்தான். அறுத்த கட்டை அத்தனையும் வயல்லயேதான் கெடக்குது. வந்து புடுங்கிக்கிட்டுப் போவச் சொல்லு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். கழுவறதுக்குத் தண்ணி மட்டும் இந்தத் தடவ அவனே சொமக்கட்டும்."

நோன்புக்கு முன்னால் வருவதாக இருந்தால் எழுது. ஓடையில் தண்ணீர் நன்றாகப் போகிறது. இரண்டு குடம் கழுவி வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
அக்கா ருக்ஸார்